மேஸ்திரியும் மாஜிஸ்ட்ரேட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

அன்றாடப் பேச்சில் நாம் புழங்கும் பிறமொழிச் சொற்களுள் லத்தீன், பிரெஞ்சு வேர் கொண்டவை பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவை அகராதியைப் புரட்டி எழுதப்பட்டவையாக இல்லாமல், குவாரியிலும் கடையிலும் கச்சேரியிலும் காதில் விழுந்த சொற்களைப் பற்றியவையாக இருந்தன என்பதே காரணம்.

கேள்வி: எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் அழைத்துச் செல்பவர் மேஸ்திரி. டீக்கடையில் இருப்பவர் மாஸ்டர். நீதிமன்றத்தில் அமர்பவர் மாஜிஸ்ட்ரேட். இந்த மூவருக்கும் சொல்லளவில் உறவு உண்டா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாலக்கோடு

பதில்: மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் 'மாகிஸ்' என்றால் 'மிகுதியாக' என்று பொருள். அதிலிருந்து, பிறரைவிட ஒரு படி மேலே நிற்பவர் என்ற பொருளில் 'மாகிஸ்தெர்' என்ற சொல் பிறந்தது. அது போர்த்துகீசிய மொழியில் 'மெஸ்த்ரெ' ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின்னர் போர்த்துகீசியர் நம் கடற்கரைகளில் கொத்தர்களோடும் தச்சர்களோடும் பழகியபோது, தொழில் தெரிந்த தலைவனைக் குறித்த அந்தச் சொல் 'மேஸ்திரி' என்று நம் வாய்க்கு வந்தது. அதே லத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் 'மேஸ்த்ர்' என்று தேய்ந்து, ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்று நிலைத்தது. பதவியைக் குறித்த 'மாகிஸ்திராத்துஸ்' என்ற சொல் 'மாஜிஸ்ட்ரேட்' ஆயிற்று.

குடும்பம் இதோடு முடியவில்லை. 'மாஸ்டர்' என்பதை அழுத்தமில்லாமல் பெயருக்கு முன்னால் சொல்லிச் சொல்லி 'மிஸ்டர்' வந்தது. அதன் பெண்பாலான 'மிஸ்ட்ரெஸ்' என்பதன் சுருக்கமே, நம் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையை அழைக்கும் 'மிஸ்'. ஆகவே ஒரே பள்ளியில் ஹெட்மாஸ்டரும், மிஸ்ஸும், கழிப்பறைச் சுவரைப் பூச வந்த மேஸ்திரியும் சொல்லளவில் சரிநிகரானவர்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மாகிஸ்' என்பதற்கு எதிரான 'மீனுஸ்', அதாவது 'குறைவாக' என்ற சொல்லிலிருந்து 'மினிஸ்தெர்' என்ற சொல்லை லத்தீன்காரர்கள் ஆக்கினார்கள். அதற்கு ஏவலாள், பணியாள் என்று பொருள். அரசனுக்குப் பணி செய்தவர் என்ற வழியில் அது 'மினிஸ்டர்' ஆகி, இன்று நம் ஊருக்கு வரும்போது நாம் சாலையோரம் கொடி கட்டுகிறோம்.

கேள்வி: நான் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வருபவர்கள் எல்லோரும் 'வாரண்டியா, கேரண்டியா?' என்று கேட்கிறார்கள். இரண்டும் லத்தீனா?
— வணிகர், தருமபுரி

பதில்: இரண்டும் பிரெஞ்சு, இரண்டுமே லத்தீன் அல்ல. பிரெஞ்சிலிருந்து வந்தது என்றாலே லத்தீன் வேர் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஐந்தாம் நூற்றாண்டையொட்டிக் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நிலத்தைக் கைப்பற்றிய பிராங்கியர் ஜெர்மானிய இனத்தவர். அவர்களுடைய சொற்கள் பலவும் பிரெஞ்சுக்குள் புகுந்தன. காப்பு, உறுதி என்ற பொருள் கொண்ட அவர்களுடைய சொல் ஒன்று வகர ஒலியில் தொடங்கியது. நார்மண்டி உள்ளிட்ட வடக்குப் பகுதியினர் அந்த வகரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாரிஸ் பக்கத்தினர் அதைக் ககரமாக்கினார்கள். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் தங்கள் வகர வடிவத்தைக் கொண்டுபோனதால் 'வாரண்ட்', 'வாரண்டி' ஆகியவை முதலில் வந்தன. சில நூற்றாண்டுகள் கழித்துக் ககர வடிவம் தனியே வந்து 'கேரண்டி' ஆயிற்று. காவலர் கையில் இருக்கும் வாரண்டும் உங்கள் கடை அட்டையில் இருக்கும் வாரண்டியும் ஒன்றே.

இதே வகர, ககர வேறுபாட்டை நகராட்சி 'வார்டு', ரயில் 'கார்டு' ஆகிய சொற்களிலும் காணலாம். இரண்டுக்கும் காவல் என்பதே அடிப்படைப் பொருள். முன்னது ஆங்கிலத்தின் பழைய சொல், பின்னது அதன் பிரெஞ்சு உறவு. கேரண்டி என்றால் மாற்றித் தருவது, வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவது என்று கடைவீதியில் சொல்லும் வேறுபாடு வணிக வழக்கில் ஏற்பட்டதே தவிர, சொல்லின் பிறப்பில் இல்லை. ஆகவே வாடிக்கையாளரிடம் எந்தச் சொல்லைச் சொன்னாலும், அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் படித்துக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பெயர் பெற்றது. 'கிரானைட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?
— கல்லூரி மாணவி, பர்கூர்

பதில்: லத்தீனில் 'கிரானும்' என்றால் தானியமணி. வெட்டிய கல்லின் முகத்தில் மணிமணியாகத் தெரிவதால் இத்தாலியர் அந்தக் கல்லைக் 'கிரானீத்தோ' என்றார்கள். கல் எடுக்கும் 'குவாரி' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீனே. கல்லைச் சதுரமாக வெட்டும் இடம் என்பது அதன் பொருள், வேர் சதுரத்தைக் குறிக்கும் 'குவாத்ருஸ்'.

உங்கள் ஊர்க் குவாரிக்கும் அதை ஒட்டிய மானாவாரிக் கொல்லைக்கும் சொல்லளவில் ஓர் உறவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கொள்ளுப் பயற்றை வேளாண்மைத் துறையினர் 'ஹார்ஸ் கிராம்' என்கிறார்கள் அல்லவா? அந்தக் 'கிராம்', போர்த்துகீசியரின் 'கிராவ்ங்' என்ற சொல். அதுவும் தானியமணியைக் குறித்த 'கிரானும்' என்பதன் வழிவந்ததுதான். கொண்டைக்கடலையைக் குறிக்கும் 'பெங்கால் கிராம்' அப்படியே. ஆனால் தராசில் நிறுக்கும் கிராம் வேறு குடும்பம். அது கிரேக்க மொழியில் ஒரு சிறு எடையைக் குறித்த 'கிரம்மா'. 1795இல் பிரான்ஸ் மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியபோது அதை எடுத்துக்கொண்டது. நூறு கிராம் கொள்ளு வாங்கும்போது இரண்டு வேறு கிராம்களைச் சேர்த்தே வாங்குகிறோம்.

கேள்வி: 'புளூரைடு தண்ணி' என்று எங்கள் பகுதியில் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பல்லில் கறை என்று பொருளா?
— சுகாதாரப் பணியாளர், பென்னாகரம்

பதில்: இல்லை. லத்தீனில் 'ஃப்ளுவெரெ' என்றால் ஓடுதல், வழிதல். உலோகக் கனிமத்தை உருக்கும்போது ஒருவகைக் கல்லைச் சேர்த்தால் குழம்பு எளிதாக இளகி ஓடும் என்பதைச் சுரங்கத் தொழிலாளர் அறிந்திருந்தார்கள். ஜெர்மானிய அறிஞரான அக்ரிகோலா 1530இல் லத்தீனில் எழுதிய நூலில் அத்தகைய கற்களை 'ஓடச் செய்பவை' என்ற பொருளில் குறித்தார். அந்தக் கல்லில் மறைந்திருந்த தனிமத்துக்குப் 'புளோரின்' என்ற பெயரை, ஆங்கிலேய வேதியியலாளர் டேவிக்கு முன்மொழிந்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர். உங்கள் வீட்டு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மின்பணியாளர் சொல்லும்போது வருவதும் அவர் பெயர்தான். அந்தத் தனிமத்தை 1886இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஆன்றி மோய்சானும் பிரெஞ்சுக்காரரே. அதற்காக 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் பகுதியின் கடினப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரைப் பல்லாண்டு குடித்ததன் விளைவே பற்கறையும் எலும்புக் கோளாறும். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'புளூரோசிஸ்' தணிப்பு என்பதும் சேர்ந்திருப்பதை அறிவீர்கள். ஓடுதல் என்ற பொருள் கொண்ட சொல், ஓடாமல் பாறைக்குள் கிடந்த நீரின் கேட்டுக்குப் பெயராகி, அந்தக் கேட்டைத் தீர்க்க ஓடும் காவிரியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஃப்ளூ காய்ச்சலும் இந்த வேரைச் சேர்ந்ததே: விண்மீன்களிலிருந்து வழிந்து வரும் தீய ஆற்றலால் நோய் பரவுகிறது என்று நம்பிய இத்தாலியர் வைத்த 'இன்ஃப்ளுவென்சா'வின் சுருக்கம் அது.

கேள்வி: ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்ததால் 'சாலரி' என்ற சொல் வந்ததாகவும், நம் 'சம்பளம்' என்பதும் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்து வந்ததாகவும் எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா? 'கம்பெனி' என்பதற்கும் பொருள் சொல்லவும்.
— தொழிற்பழகுநர், ஓசூர்

பதில்: முதற்பகுதியில் பாதி உண்மை. 'சலாரியும்' என்ற லத்தீன் சொல் 'சால்', அதாவது உப்பு என்பதிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, படைத்துறை ஊதியத்தின் பெயரை உப்போடு இணைத்துப் பேசுகிறார். ஆனால் வீரர்களுக்கு உப்பை அளந்து கூலியாகக் கொடுத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, பண்டைய ஆசிரியர் வேறு எவரும் சொல்லவில்லை. வீரர்கள் பெற்றது காசு. அந்த ஊதியத்தின் பெயர் 'ஸ்திபெண்டியும்'. தொழிற்பழகுநராகிய நீங்கள் மாதந்தோறும் வாங்கும் 'ஸ்டைபண்ட்' அதுதான். ரோமானிய வீரனின் உண்மையான சம்பளச் சீட்டு உங்கள் கையில் இருக்க, வகுப்பில் உப்பு மூட்டையைக் காட்டியிருக்கிறார்கள். 'சோல்ஜர்' என்பதையும் சிலர் உப்போடு சேர்ப்பார்கள். அது 'சொலிதுஸ்' என்ற பொற்காசின் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

'சம்பளம்' பற்றிய விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. சொல்லை நடுவே வெட்டி, இரு துண்டுக்கும் பொருள் இருப்பதைக் காட்டுவது சொற்பிறப்பு ஆகாது. வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு என்ற பொருளில் வடமொழியில் 'சம்பல' என்ற சொல் உண்டு. அதோடு இணைத்துப் பார்ப்பது இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

'கம்பெனி'க்கு வருவோம். லத்தீனில் 'கொம்' என்றால் உடன்; 'பானிஸ்' என்றால் ரொட்டி. உடனிருந்து ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் 'கொம்பானியோ'. அத்தகையோரின் கூட்டம் பழைய பிரெஞ்சில் 'கொம்பாஞி'. ஓசூரில் ஷிப்டு முடிந்து கேன்டீன் பந்தியில் ஒன்றாக அமர்வோர்தாம் சொல்லின் நேர்ப்பொருளில் கம்பெனி. நம் மாவட்டங்களுக்கு இந்தச் சொல் இதற்கு முன்னரே வேறு முகத்தோடு வந்திருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது, அதைப் பெற்றுக்கொண்டவர்களை மக்கள் 'கும்பினியார்' என்றார்கள். பகிர்ந்து உண்ணும் பொருளை அந்தக் கும்பினியிடம் எவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: வரி தண்டியவர் என்பதால்தான் 'கலெக்டர்' என்று பெயரா?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: ஆம். பாராமகாலின் நிலங்களை அளந்து வரி விதிக்க அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை பணியாற்றினார்கள். கலெக்டர் என்ற பதவியின் முதல் வேலை அதுதான். லத்தீனில் 'லெகெரெ' என்றால் பொறுக்குதல்; 'கொம்' சேர்ந்தால் ஒன்றாகப் பொறுக்கிச் சேர்த்தல், 'எ' சேர்ந்தால் பொறுக்கி வெளியே எடுத்தல். பின்னதிலிருந்து வந்ததே 'எலெக்‌ஷன்'. கலெக்டரே மாவட்டத் தேர்தல் அலுவலராகவும் இருப்பதை லத்தீன் இலக்கணம் முழுமனதோடு ஏற்கும்.

கேள்வி: 'பஸ்' என்பதற்கு என்ன பொருள்? 'டிப்போ'வுக்கு?
— பேருந்து நடத்துநர், அரூர்

பதில்: 'பஸ்' என்பதற்குத் தனியே பொருள் எதுவும் கிடையாது. 1820களில் பிரான்சின் நான்த் நகரிலும், 1828இல் பாரிசிலும் கட்டணம் கொடுக்கும் எவரும் ஏறலாம் என்ற குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு லத்தீனில் 'ஓம்னிபுஸ்', அதாவது 'எல்லோருக்கும்' என்று பெயர். லண்டனில் 1829இல் ஓடத் தொடங்கியதும் அந்தப் பெயரோடுதான். நீளமான பெயரை வெட்டியவர்கள் 'எல்லோர்' என்ற பகுதியை விட்டுவிட்டு, நான்காம் வேற்றுமை உருபின் வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம் முறையில் சொன்னால், 'க்கும் வந்துவிட்டது, ஏறுங்கள்' என்று தாங்கள் நாள்தோறும் கூவிக்கொண்டிருக்கிறீர்கள்.

'டிப்போ' பிரெஞ்சுச் சொல். கீழே வைக்கப்பட்டது என்ற பொருள் கொண்ட 'தெபொசிதும்' என்ற லத்தீன் சொல்லின் தேய்ந்த வடிவம். தேயாமல் வந்த வடிவம் 'டெபாசிட்'. வண்டியை விடுமிடம் டிப்போ, வங்கியில் விடும் பணம் டெபாசிட். பிரெஞ்சில் 'டிப்போ'வின் ஓகாரத்தின் மேல் ஒரு சிறு கூரை போடுவார்கள். அங்கே முன்பு இருந்த 'ஸ்' உதிர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதே கூரை 'ஓட்டல்' என்ற சொல்லிலும் உண்டு. அங்கே உதிர்ந்த 'ஸ்' ஒலியைத் திரும்பச் சேர்த்தால் 'ஹாஸ்டல்' கிடைக்கும். விருந்தினரைத் தங்கவைக்கும் இடத்தைக் குறித்த 'ஹொஸ்பிதாலே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஓட்டலும் ஹாஸ்டலும் ஆஸ்பத்திரியும் வந்தன. மூன்றிலும் சாப்பாடு பற்றிய புகார் ஒன்றுபோலவே இருப்பதற்குச் சொற்பிறப்பு காரணமல்ல.

கேள்வி: 'பேனா'வும் 'பென்சி'லும் ஒரே வேரா?
— எட்டாம் வகுப்பு மாணவர், ஊத்தங்கரை

பதில்: அல்ல, தம்பி. பேனா, இறகு என்ற பொருள் கொண்ட லத்தீன் 'பென்னா'விலிருந்து வந்தது. முன்பு இறகைச் சீவித்தான் எழுதினார்கள். பென்சில், சிறு வால் என்ற பொருள் கொண்ட 'பெனிசில்லுஸ்' என்பதிலிருந்து வந்தது; அது ஓவியர்களின் தூரிகைக்குப் பெயராக இருந்தது. நுண்ணோக்கியில் தூரிகைபோலத் தெரிந்த பூஞ்சைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதிலிருந்து 1928இல் பிளெமிங் கண்டறிந்த மருந்துதான் பென்சிலின்.

கேள்வி: லத்தீனில் ஒன்றை 'ஊனுஸ்' என்கிறார்கள், ஆங்கிலத்தில் 'ஒன்'. இவை நம் 'ஒன்று' என்பதிலிருந்து போனவைதானே?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: இத்தகைய கடிதம் வராத மாதமில்லை. சொற்கள் உறவுடையவை என்றால் பின்னோக்கிச் செல்லச் செல்ல அவை நெருங்கி வர வேண்டும். இங்கே விலகிப் போகின்றன. 'ஊனுஸ்' பழைய லத்தீனில் 'ஒய்னொஸ்'. 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. இவ்விரண்டும் தமக்குள் உறவினர். நம் 'ஒன்று' என்பதற்கு 'ஒரு', 'ஓர்' என்பவை உடன்பிறப்புகள். கன்னடத்தில் 'ஒந்து', தெலுங்கில் 'ஒகடி'. மும்மொழியும் கேட்கும் ஊரில் வாழும் தாங்கள் உறவைத் தேட ரோமுக்குப் போக வேண்டியதில்லை, வாரச் சந்தைக்குப் போனால் போதும்.

நம்மிடமிருந்து உண்மையாகவே போன சொல் வேண்டுமென்றால், கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகளைப் பாருங்கள். 'மேங்கோ பல்ப்' என்பதில் 'மேங்கோ', மலையாளத்தின் 'மாங்ங', தமிழின் 'மாங்காய்' என்ற சொல் போர்த்துகீசியர் வாயில் 'மாங்கா' ஆகிச் சென்றது. 'பல்ப்' மட்டும் சதைப்பற்றைக் குறிக்கும் லத்தீன் 'புல்பா'. பழம் நம்முடையது, சதை அவர்களுடையது.

கேள்வி: என் நிலத் தகராறு வழக்கில் நான் வாய்தாவுக்குப் போகத் தவறியதால் 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பாகிவிட்டது என்கிறார்கள். 'எக்ஸ் எம்.எல்.ஏ.' என்பதுபோல நான் வழக்கில் முன்னாள் பார்ட்டி ஆகிவிட்டேன் என்று பொருளா?
— விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: இல்லை, ஐயா. அது 'எக்ஸ் பார்தே' என்ற லத்தீன் தொடர். 'ஒரு பக்கத்திலிருந்து' என்று பொருள். எதிர்ப்பக்கத்தார் வராத நிலையில், வந்தவர் தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு அது. இங்கிலாந்தை நார்மானியர் ஆண்ட காலத்திலிருந்து அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சும் லத்தீனுமே எழுத்து மொழிகளாக இருந்தன. 1733இல்தான் சட்டப்படி ஆங்கிலம் முழுமையாக அவற்றின் இடத்துக்கு வந்தது. அதன் பிறகும் இத்தகைய தொடர்கள் உதிரவில்லை. நம் நீதிமன்றத்தில் வக்கீல், அமீனா, ஜப்தி, வாய்தா ஆகியவை அரபு வேர் கொண்டவை. ஜட்ஜ், அப்பீல், சம்மன், கோர்ட் ஆகியவை பிரெஞ்சு வழி வந்தவை. 'அஃபிடவிட்' என்பது 'உறுதிகூறியிருக்கிறார்' என்றும், 'கேவியட்' என்பது 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்றும் பொருள்படும் லத்தீன் வினைமுற்றுகள்.

தாங்கள் இன்னும் வழக்கின் தரப்பினர்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது கட்டளை, 13ஆவது விதியின்படி, வராமைக்குப் போதிய காரணத்தைக் காட்டி அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். அதற்குக் காலவரையறை 30 நாள். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பாணையைப் பற்றித் தாங்கள் அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாளைக் கணக்கிடுவார்கள். இந்த இதழ் தங்கள் கைக்கு வருவதற்குள் பாதி நாள் கழிந்திருக்கக்கூடும் என்பதால், தங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதைத் தனியே எழுதி அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.